குமுதவல்லியின் தழும்பு

என் தங்கச்சி வீட்டுக்காரன் குணாளன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

லிங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். எண்ணெய் ஆலையில் பழக்குலை இறக்க வரிசையில் காத்திருக்கும் நேரமெல்லாம் தலை கைப்பேசிக்குள் இருக்கும். முகநூலில் ஒரு குழு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் கொடுப்பார்கள். அதை வெட்டி, வேறு படங்களோடு ஒட்டி, புதிதாக ஒன்று செய்து போட வேண்டும். அதிக விருப்பம் வாங்கிய படத்தைத்தான் அடுத்த வாரம் எல்லோருக்கும் வெட்டக் கொடுப்பார்கள்.

இவன் ஒட்டுவதெல்லாம் என் தங்கச்சி குமுதாவைத்தான். பெடாஸ் சாலையில் மோட்டார் விபத்தில் அடிபட்டவள் அவள். இடது புருவத்திலிருந்து கன்னம் வரை தழும்பு. ஞாபகமும் அன்றிலிருந்து விட்டுவிட்டுத்தான் வரும். குணாளன் முதல் வேலையாக அந்தத் தழும்பை அழிப்பான். பிறகு சிறகு வைப்பான், கிரீடம் வைப்பான்.

"ஏங்க, என் மூஞ்சி அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே லா," என்பாள்.

"அழகா இருக்கட்டுமேன்னுதான் புள்ள."

கைப்பேசியில் இடம் பத்தாதென்று அசல் படங்களை அவ்வப்போது அழித்துவிடுவான். எடிட் செய்தவை மட்டும் பத்திரம். புத்தி போன போக்கு!

ஒருநாள் காலை கடைக்குப் போன குமுதா திரும்பவில்லை. சிரம்பான் பஸ்ஸில் ஏறியதைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

போலீஸ் நிலையத்தில் இப்போதைய படம் கேட்டார்கள். அடையாள அட்டையில் இருப்பதோ விபத்துக்கு முந்தைய முகம். அடிபட்ட பிறகு அவள் புருஷனைத் தவிர வேறு யார் கேமராவுக்கும் முகம் காட்டியதில்லை. இவன் கைப்பேசியில் தேவதை இருந்தாள், மகாராணி இருந்தாள். என் தங்கச்சி இல்லை. குணாளன் மேல் பாய்ந்தேன்.

"பாவி! ஒரு படம்கூடவா மிச்சம் வைக்கல?"

 அவன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு படத்தில் சிறகையும் கிரீடத்தையும் எடுத்துவிட்டு, தழும்பைத் திரும்ப வரையத் தொடங்கினான். "இங்க கொஞ்சம் வளைஞ்சிருக்கும் மாப்ள," என்று நான் சொல்லச் சொல்லப் போட்டான். கடைசியில் குமுதாவே எங்களைப் பார்த்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்தப் படத்தைப் போலீசில் கொடுத்தோம். ஜொகூர் முதல் பினாங்கு வரை ஆட்கள் இருக்கும் குழுவாயிற்றே, யார் கண்ணிலாவது பட்டிருக்க மாட்டாளா என்று, 'காணவில்லை' என எழுதித் தொலைபேசி எண்ணோடு அங்கேயும் போட்டான்.

முதல் பதில் வந்தது: "தழும்பு செம்ம நேச்சுரல், ப்ரோ!"

'இது போட்டிப் படம் இல்லை, என் மனைவி' என்று எழுதினான். "கதையும் டச்சிங்," என்றார்கள். எந்தச் செயலியில் தழும்பு போட்டாய் என்று ஒருத்தி கேட்டாள்.

"எடிட் இல்லன்னு எழுதித் தொலையேன்!" என்று கத்தினேன்.

"எடிட்தானே அக்கா," என்றான்.

குழு நடத்துகிறவருக்கு அனுப்பிய செய்தியை அவர் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கே முதலிடம்.

அடுத்த வாரமும் சிரம்பான் பஸ் நிலையத்தில் ஆள் ஆளாகப் படத்தைக் காட்டிக்கொண்டு அலைந்தோம். டிக்கெட் முகப்பில் இருந்த இளைஞன் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அட, இந்த அக்காவ எனக்குத் தெரியுமே!"

குணாளன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க தம்பி? எங்க பாத்தீங்க?"

அவன் சிரித்தபடி கைப்பேசியைத் திறந்து நீட்டினான். குமுதா நிலாவில் உட்கார்ந்திருந்தாள், தலையில் கிரீடத்தோடு.

"இந்த வாரம் நான் செஞ்சது அண்ணே. மொத வேலயா தழும்ப எடுத்துட்டேன். இப்ப அழகா இருக்காங்கல்ல?"