பூத்தின்னிக் கிராணி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் பூச்செடி வளர்ப்பது பெரிய குற்றம். அரிசிக்குப் பஞ்சம் என்பதால் மண் தெரிகிற இடத்திலெல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு. அப்பாவின் தங்கையான என் அத்தை மட்டும் வேலியோரத்துப் பாத்தியைப் பூவுக்கு விடச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ஆனால் தண்ணீரும் எருவும் மரவள்ளிக்குத்தான், பூச்செடி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பாத்தியில் நாள் முழுக்க வெயில் கொளுத்தும். அத்தை ரோஜாவை மறந்தாள். ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நின்று பூக்கிற செம்பருத்தி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, சாமி மாலைக்கு அரளி என்று பொறுக்கியெடுத்து, மழை பெய்யும் நாளாகப் பார்த்து ஊன்றினாள். அதன்பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் பாத்தி பூத்துக் குலுங்கியது.

அப்போதுதான் தோட்டங்களைச் சோதிக்க ஜப்பான்காரன் ஆபீஸிலிருந்து ஓர் இளவயதுக் கிராணி, அதாவது குமாஸ்தா, வந்தார். பக்கத்துத் தெங்கேராவைச் சேர்ந்த தமிழர்தான். பாத்தியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்றார். அத்தையின் கண் கலங்கிவிட்டது. சின்னப்பிள்ளையான எனக்கு வந்ததே கோபம்!

"இதெல்லாம் நாங்க திங்கிறதுங்க," என்று சொல்லி ஒரு செம்பருத்தியைப் பறித்து வாயில் போட்டேன். அத்தையும் வேறு வழியில்லாமல் ஒன்றை மென்றாள். கிராணி முகத்தில் சிரிப்பே இல்லாமல் தானும் ஒன்றைத் தின்றார். அடுத்து அரளிக்குக் கையை நீட்டினார்.

அத்தை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அது விஷங்க."

என் பொய் அதோடு போயிற்று. பிடுங்கத்தான் போகிறார் என்று நடுங்கினேன். அவரோ மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை.

"சரி, இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வாராவாரம் வந்தார். மரவள்ளிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். வந்ததும் ஒரு செம்பருத்தியைத் தின்பார், அத்தை சிரிப்பாள். ஊரில் இத்தனை வீடு இருக்க, இந்தப் பஞ்சம்பிடித்தவருக்கு எங்கள் செடிதானா கிடைத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த தை மாதம் அத்தை அவரையே கட்டிக்கொண்டு தெங்கேராவுக்குப் புறப்பட்டாள். கையில் செம்பருத்திக் குச்சிகள். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கொண்டு போவாத அத்தை. அங்க வச்சா செடியோட தின்னுடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். பூவைத் தின்கிற ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு இவர்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.