பிரவுசரிடம் சத்தம் போடாதீர்கள்

வெப்சைட் செய்பவன் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே பிரவுசர் தன் ரசனையைப் பக்கம் முழுக்கப் பூசி வைத்திருக்கும். அதோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

தென்காசியில் எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேர்: நானும், கடையநல்லூரிலிருந்து வரும் ஷமீமாவும். முதல் பெரிய வேலை, ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜுக்கு. சாரல் சீசன் தொடங்குவதற்குள் சரியாக வராவிட்டால், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன் மருமகனிடம் கொடுத்துவிடப்போவதாக லாட்ஜ் அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்.

வெள்ளை ஓரம்

அருவிப் படத்தைத் திரை முழுக்க விரித்தேன். சுற்றிலும் மெல்லிசாக வெள்ளை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவது பிரவுசரின் வழக்கம். பக்கத்தின் தோற்றத்துக்கு நாம் விதி எழுதும் சி.எஸ்.எஸ்.ஸில் ஓரம் பூஜ்யம் என்று ஒரே வரி, போய்விட்டது. அதற்குள் அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, அருவிக்கு வேட்டி கட்டி விட்டிருக்கியளே?"

நீலம்

லாட்ஜின் நிறம் பச்சை. பக்கம் முழுவதற்கும் பச்சை எழுத்து என்று எழுதினோம். லிங்குகள் மட்டும் நீலத்திலேயே நின்றன. ஷமீமா அந்த வரியின் வாலில் 'இம்பார்ட்டன்ட்' சேர்த்தாள். மற்ற விதிகளை மிதித்துக்கொண்டு முன்னே போகிற சொல் அது. நீலம் அசையவில்லை.

பண்டிதத்தனத்தை மன்னியுங்கள்: பக்கத்துக்குச் சொன்ன நிறம் லிங்குக்கு வாரிசு முறையில்தான் வந்து சேரும். பிரவுசரோ லிங்குக்கென்றே நேரடியாக ஒரு விதி வைத்திருக்கிறது. வாரிசாக வந்தது எவ்வளவு சத்தம் போட்டாலும் நேரடி விதியிடம் தோற்கும். ஆனால் நாமும் நேரடியாகச் சொன்னால், பிரவுசர் தன் விதியை மடித்து வைத்துவிடும். 'இம்பார்ட்டன்ட்'டை அழித்தோம், லிங்குக்குப் பச்சை என்று தனியாக ஒரு வரி எழுதினோம். மாறியது.

"இதுக்கா அண்ணே தொண்ட கிழியக் கத்துனேன்? பேரச் சொல்லிக் கூப்ட்டாப் போதும்னு மொதல்லயே சொல்லக்கூடாதா!"

மருமகன்

சாரல் விழுந்த வாரமே, எங்கள் வேலையைப் பார்த்துச் சொல்ல மருமகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். மாமனார் பக்கத்தில் நிற்க, எங்கள் சி.எஸ்.எஸ்.ஸை மேலிருந்து கீழே படித்தார். அறை பதிவு செய்யும் பட்டனுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்துப் பார்த்தார். ஒரே வரியில் மாறியது. எங்காவது 'இம்பார்ட்டன்ட்' ஒளிந்திருக்கிறதா என்று தேடினார், ஒன்றும் இல்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"மாமா, இதுல நான் செய்யதுக்கு ஒண்ணுமில்ல. இவங்களே பாக்கட்டும். எனக்கு அருவிக்குப் போணும், தேச்சுக் குளிக்க எண்ணெ எங்க இருக்கு?"

பணிவாகச் சொன்ன ஒரு வரிக்கு எதிர்வாதம் செய்யாமல் விலகிக்கொள்வது உலகத்தில் பிரவுசர் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மருமகன்களிலும் ஒருவர் உண்டு என்பதை நன்றியோடு சேர்த்துக்கொள்கிறேன்.