பதினேழாம் நம்பர் சீட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன், யாரிடமும் கையேந்தாமல் வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத ஒன்பது நாளாயிற்று.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் கைத்தறி ஓய்ந்து மிஷின் தறி பெருகிய காலம். மகன்கள் கம்பெனி வேலைக்கு மதராஸ் போய்விட்டார்கள். கடைசி மகளும் நானும் ஒரே சாயப்பட்டறையில் இருந்தோம். நான் முன்பக்கம் நூல் சுற்றுவேன். அவள் பின்பக்கம், சாயத்தொட்டியில் நூலை முக்கி வெறுங்கையால் பிழிவாள். சோறு பிசைந்தால் சோற்றிலும் ஊதா ஏறும்.

திருப்பதியிலிருந்து காலேஜ்காரர்கள் வந்தார்கள். கன்னத்தின் உள்பக்கத்தை மரக்குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு போவார்களாம். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழை இருக்கிறது, சாய மருந்து பட்டு அது அறுந்தால் அறுந்த துண்டு சின்னப் புள்ளியாகத் தனியே நிற்கும், மைக்ராஸ்கோப்பில் எண்ணிவிடலாம், நோய் வருமுன்னே ஜாக்கிரதையாகலாம் என்று தெலுங்கில் சொன்னார்கள். இழை அறுவது என்றால் என்ன என்று தறிக்காரிக்கா தெரியாது? தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல வழியில்லை.

தொட்டி வேலைக்காரர்களுக்கு மட்டும் சீட்டு கொடுத்தார்கள். ஊருக்குத் தெரியக்கூடாது என்று அதில் பேர் போடவில்லை, நம்பர்தான். மகளுக்குப் பதினேழு. குச்சிக்கு வாய் திறக்காதவர்கள் வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி.

அந்த வாரம்தான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த நம்பர் யாருடையது என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். புள்ளி இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் யார் கட்டுவான்? அவளை வீட்டில் நிறுத்திவிட்டு, சீட்டோடு நானே வரிசையில் நின்றேன்.

பின்னால் நின்றவள் கேட்டாள்: "இன்னாக்கா, உன் கன்னத்தச் சுரண்டுனா உன் பொண்ணு ஒடம்பு தெரிஞ்சிடுமா?"

"வாய மூடிக்கினு நில்லுடி" என்றேன்.

குச்சி வைத்திருந்த பெண் சீட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாலு பேருக்குப் புள்ளி அதிகமாம். அவர்களைத் தொட்டியிலிருந்து எடுத்து, துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். பதினேழு சுத்தம். மகள் தொட்டியிலேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: "யம்மா, அது உன் கன்னம்னு சொல்லிடேன். எனக்கும் ஒரு தபா பாக்கட்டும்."

"நிச்சயம் ஆயிட்ச்சி. நாலு பேர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றேன்.

அவள் அப்புறம் கேட்கவேயில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஆறு வருஷம் அதே தொட்டி. மூன்று கர்ப்பம் தங்கவில்லை. கட்டியவன் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டான். இத்தனையும் சாயத்தால்தானா என்று திருப்பதி டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, அப்போதே பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும் என்றார். அப்போதே பார்க்க வந்தார்களே. நான்தான் குறுக்கே போய் வாயைத் திறந்து நின்றேன்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சீட்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை. என் தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதினேன். அவள் படித்தது தெலுங்குப் பள்ளியில், தமிழ் எழுத்து தெரியாது. மதராஸிலிருந்து மகன் வீட்டுப் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், அவள் தமிழ் படிப்பாள்.

பாப்பா, இத மொதல்லேர்ந்து உரக்கப் படி. இரு, இரு. உன் அத்த பாத்திரம் கழுவிக்கினு கீறா. அவ வந்து உக்காரட்டும், அப்பால படி.