வெள்ளகோவிலுக்குப் போன பால்சோறு

சோற்றைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது, என் சித்தப்பா இலங்கைக்குப் போய்வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு துடியலூரில். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் புதிதாக இயந்திரம் வாங்கியிருந்தார்கள். அதைப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டு வரச் சித்தப்பாவை அனுப்பினார்கள். “அங்க சண்டை நடக்குதுங்களே” என்று அம்மா பயந்தாள். சண்டை வடக்கே, மில் தெற்கே என்று, நேரில் பார்த்துவிட்டு வந்தவர்போல அப்பா சமாதானம் சொன்னார். ஆடியில் போனவர் தை பிறந்துதான் திரும்பினார்.

வெளிநாடு போய்வருகிறவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவது அன்றைய வழக்கம். சித்தப்பா கொண்டுவந்தது இரண்டு பொட்டலம் தேயிலையும், வாய் நிறையச் சாப்பாட்டுக் கதையும். போவதற்கு முன்னால் அவருக்கு எதைப் போட்டாலும் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். கை கழுவும்போது ரசமா சாம்பாரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதே மனிதர் இப்போது அம்மாவின் தேங்காய்ச் சட்னியை நாக்கில் வைத்து, “தேங்கா முத்தலுங்களா அண்ணி?” என்று கேட்டார். அம்மா திகைத்துப்போனாள்.

சாயங்காலம் பாத்ரூமில் கிரீஸ் போகக் கைகழுவிவிட்டு அவர் வந்து உட்காரும்வரை காத்திருப்பேன். தினமும் எனக்கு ஒரு பலகாரம் சொல்ல வேண்டும். கொழும்புக் கடற்கரையில் வண்டி போட்டு விற்கும் இறால் வடை பற்றி முதலில் சொன்னார். பருப்பு வடையின்மேல் முழு இறால் மீசையும் காலுமாகப் படுத்திருக்குமாம். அன்னாசிப் பழத்தைக் கீறி மிளகாய்த் தூளும் உப்பும் தூவிக் கொடுப்பார்களாம். ஆப்பத்தின் நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் கண் திறந்து பார்ப்பதுபோல இருக்குமாம். கொத்து ரொட்டிக் கடையில் இரண்டு தகடுகளை வைத்துக் கொத்துகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்குமாம்.

“நம்ம பஸ் ஸ்டாப்புக் கடையிலயும் கொத்தறாங்களே” என்றேன்.

“இவிங்க கோவத்துல கொத்தறாங்க கண்ணு. அவிங்க தாளம் போட்டுக் கொத்துவாங்க.”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொன்னேன். தாளத்தை நம்பினார்கள். இறாலின் மீசையை ஒருவரும் நம்பவில்லை.

கடைச் சாப்பாடு தீர்ந்ததும் கதை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தது. மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில்தான் சித்தப்பாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு. தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வந்த தமிழ்க் குடும்பமாம். “அவிங்க வெக்கற சொதி இருக்குதே” என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கும் மஞ்சள் குழம்பு. அவிங்க இப்படிச் செய்வாங்க, அவிங்க அப்படிச் சொல்வாங்க என்று எல்லாவற்றுக்கும் அவிங்கதான். நான் பார்த்திருந்த ஒரே சமையல்காரர் பஸ் ஸ்டாப்புப் பரோட்டா மாஸ்டர். அதனால் அந்த ‘அவிங்க’ளுக்கும் தொப்பையும் முறுக்கு மீசையும் வைத்து, பனியன் போட்டு மனதில் உட்காரவைத்திருந்தேன்.

ஒரு மாதத்தின் முதல் தேதியன்று விடிகாலையில் சித்தப்பா அம்மாவை அடுப்பங்கரையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். மாதப் பிறப்புக்கு அந்த ஊரில் பால்சோறு ஆக்குவார்களாம். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்துக் கிளறி, தாம்பாளத்தில் கொட்டி வாழையிலையால் வழித்துச் சமமாக்கினார். பிறகு கத்தியை எடுத்து பர்ஃபி மாதிரி வில்லை போட்டார். தொட்டுக்கொள்ள அம்மியில் வர மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் நசுக்கி எலுமிச்சை பிழிந்த சம்பல். அங்கே அதில் மாசிக் கருவாடு போடுவார்களாம். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் வீட்டில் போடவில்லை.

நான் அதை இனிப்பு என்று நினைத்துக் கடித்தேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது, பிறகு காரம் ஏறி மூக்கு ஒழுகியது, அப்புறம் இன்னொரு வில்லை வேண்டும்போல இருந்தது. அப்பா மூன்று வில்லை சாப்பிட்டுவிட்டு, “சோத்த எதுக்கு வெட்டோணும்?” என்று கேட்டார். அம்மா மட்டும் சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன பக்குவம் ஓரமா நின்னு பாத்தா வராதுங்களே. ஆருங்க தம்பி சொல்லிக் குடுத்தாங்க?”

“சாப்பாட்டு வீட்டுல பாத்ததுதானுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு அவர் அம்மியைக் கழுவப் போனார். கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த மாதமே வெள்ளகோவிலில் ஒரு பெண் இருப்பதாக ஜாதகம் வந்தது. பொருத்தம் நன்றாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் தேங்காய்க் களமும் எண்ணெய் ஆட்டும் மில்லும் இருந்தன. அப்பாவுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. சித்தப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பெண் பார்க்கக் காரில் போகும்போது வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பலகாரக் கதை கேட்டேன். “அப்பறம் சொல்றேன் கண்ணு” என்றார்.

அவர்கள் வீட்டு முன்னால் களம் முழுக்க உடைத்த தேங்காய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பெரியவர்கள் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேச ஆரம்பித்ததும் என்னை உள்ளே அனுப்பினார்கள். பெண் பட்டுச்சேலையில் வேர்த்துப்போய் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, மற்றவர்கள் வெளியே போகும்வரை என் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஏன் அம்மணி, உங்க சித்தப்பா இலங்கைக்குப் போனாங்களாமா? அங்கெல்லாம் என்ன திம்பாங்க?”

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இறால் மீசையை நம்பினார். “கடலப் பாத்துட்டே நின்னு திங்கலாமா?” என்று கேட்டார். அவர் கடல் பார்த்ததில்லையாம். நானும் பார்த்ததில்லை. கடல் காற்றில் வடை ஆறிப்போகாதா என்று இருவரும் யோசித்தோம். பால்சோற்றைச் சொன்னபோது, எவ்வளவு பால் விட வேண்டும், எப்போது உப்புப் போட வேண்டும் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்.

“சித்தப்பாவுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்க?”

“அவிங்கதான். சாப்பாட்டு வீட்டுல இருக்கறவிங்க.”

“வேறென்ன சொன்னாங்க அவிங்களப் பத்தி?”

“சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப அவிங்கதான் கொத்தமல்லித் தண்ணி காச்சிக் குடுத்தாங்களாமா. அவிங்க சமைக்கறப்ப பாடுவாங்களாமா. சித்தப்பா பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக் குடுப்பாராமா.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?” என்று கேட்டார்.

“மீசை வெச்சிருப்பாங்க” என்றேன் உறுதியாக.

“அப்படியா கண்ணு” என்று என் கன்னத்தைத் தொட்டார்.

அப்புறம் அவரைக் கூப்பிட்டார்கள். காபித் தட்டோடு போனவர், குனிந்த தலையோடு நிற்காமல் சித்தப்பாவை ஒருமுறை நேராகப் பார்த்தார். சித்தப்பாதான் தலை குனிந்துகொண்டார். திரும்பும்போது காரில் அப்பா, “புள்ள தைரியமான புள்ள” என்று மெச்சிக்கொண்டே வந்தார்.

ஒரு வாரத்தில் தரகர் வந்து வாசலிலேயே நின்றார். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம். காரணம் கேட்டதற்கு, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டதாம். “எந் தம்பிக்கு என்னய்யா கொறை?” என்று அப்பா சத்தம் போட்டார். சித்தப்பா என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார்.

“அந்தப் புள்ளகிட்ட என்ன கண்ணு பேசிட்டிருந்த?”

ஒன்று விடாமல் சொன்னேன். வெங்காயம் உரித்த கதைக்கு வந்தபோது அவர் தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து கீழே இறங்கிப்போய், அப்பாவின் முன்னால் நின்று, முதல்முறையாக எதிர்ப்பேச்சுப் பேசினார். அன்று அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில்தான் என் சமையல்காரரின் மீசை போயிற்று.

அடுத்த வருஷம் இலங்கையிலிருந்து சித்தி வந்தார். அப்பா சில மாதம் அவரோடு பேசாமல் இருந்தார். பிறகு சொதி வேண்டியிருந்ததால் பேசினார்.

வெள்ளகோவில் பெண்ணைப் பற்றி ரொம்ப நாள் கழித்துத்தான் உறவுக்காரர் ஒருவர் சொன்னார். வந்த நல்ல இடத்தைத் தட்டிவிட்ட திமிர் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேசியதாம். அவருடைய அப்பா ஒரு பொங்கல் முழுக்க அவர் கையால் சாப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஜாதகம் அந்தப் பேச்சினாலேயே திரும்பிப்போனதாம். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் பழி மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தரகர் வாசலில் வந்து நின்றபோது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் சொன்ன எல்லாவற்றிலும் தேங்காய் இருந்தது, அவருக்கோ விடிந்தால் களம் நிறையத் தேங்காய். பாவம், அலுத்துப்போய்த்தான் வேண்டாம் என்றிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.