அத்தை செத்துப்போன பாட்டு

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் கிராமத்தான். தோளில் சிவப்புத் துண்டு, நெற்றியில் குங்குமம், மை தடவி முறுக்கிவிட்ட மீசை என்று அவரும் ஷிப்டு நண்பர்கள் நாலைந்து பேரும் கிளம்பிவிடுவார்கள். கிராமிய இசைக்குழு. அதில் ஒருவர்கூட ஏர் பிடித்தவரில்லை, எல்லோருக்கும் பி.எஃப். நம்பர் இருந்தது. கீபோர்டு வாசிப்பவர் அத்திப்பள்ளிக்காரர். வீட்டில் பேசுவது கன்னடம், தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் கோரஸ் பாடுவார். ஒரு பட்டனைத் தட்டினால் நாதஸ்வரம் வரும், இன்னொன்றைத் தட்டினால் பறை வரும். தப்பான பட்டனைத் தட்டி முளைப்பாரிப் பாட்டுக்கு நடுவே புகைவண்டி ஓடியதும் உண்டு.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டு நலங்குப் பாட்டில் பாதி தெலுங்காக இருக்கும், அதை யாரும் கிராமியம் என்று சொல்லிக் கேட்டதில்லை. விரும்பிக் கட்டிக்கொண்ட தோஷத்துக்கு, சிவகங்கைச் சீமைக்காரரின் இந்த வேஷத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "ஏங்க, இன்னிக்கு எந்த ஊரு வயல்ல அறுப்பு?" என்று மீசைக்கு மை எடுத்துக்கொடுத்தபடியே கேட்பேன். அவருக்குக் கோபமே வராது. அவர் குரலை மட்டும் என்னால் கேலி செய்ய முடிந்ததில்லை. அவ்வளவு நல்ல குரல்.

அத்தை, அதாவது அவருடைய அம்மா, ஊரில் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து எங்களோடு வந்து சேர்ந்த புதிதில் ஓசூர்க் குளிர் அவரைப் படுத்திவைத்தது. மகனின் கம்பெனி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கீரை விற்கும் கன்னடக்கார அம்மாளிடம் தமிழிலேயே சண்டை போடுவார். அந்த அம்மாள் கன்னடத்திலேயே பதில் சொல்வார். இருவரும் ஜெயித்த திருப்தியோடு பிரிவார்கள். இதையெல்லாம் வைத்து என் வீட்டுக்காரர் தானே ஒரு பாட்டுக் கட்டினார். கம்பெனிக் கம்பளியில் என் ஆத்தா பனியோடு மல்லுக்கட்டுகிறாள் என்று தொடங்கும். அத்தை வெட்கப்பட்டு, "போடா, எம்மானத்த வாங்காத" என்பார். ஆனால் மகன் நிறுத்தினால், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். எனக்கும் அந்தப் பாட்டு உயிர். பட்டணத்துக்கு வந்த ஒரு தாயை அப்படியே கண்ணில் காட்டும்.

கிருஷ்ணகிரியில் சி.டி. கடை வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, சி.டி.யாகவே போட்டுவிடலாம் என்றார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். கோஷ்டி முழுக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தது. கொஞ்ச நாளில் ஜூஜுவாடி செக்போஸ்ட் டீக்கடையில் பாட்டு ஓடுகிறது, பர்கூர்ப் பக்கம் கல் ஏற்றும் லாரிகளில் ஓடுகிறது என்று தகவல்கள் வந்தன. எங்கள் வீட்டில் மட்டும் அது முழுசாக ஓடவில்லை. மேலட்டை இல்லாத ஒரு தட்டைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு சரணம் முடிந்ததும் ஓடிப்போய் அணைத்துவிட்டு, "இதுக்கு மேல கீறல்" என்றார். புதுத் தட்டில் எப்படிக் கீறல் வரும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. துணி துவைக்கப் போய்விட்டேன்.

ஒரு நாள் காலையில் அத்தை வாயில் பல்பொடியோடு கதவைத் திறந்தார். வாசலில் அவருடைய தம்பி நின்றிருந்தார். ஒரு கையில் ரோஜா மாலை, மறு கையில் துணிக்கடைப் பை, கண்கள் சிவந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா தம்பி, யாருக்கு என்னாச்சு?" என்றார் அத்தை.

"ஒனக்குத்தான்க்கா" என்றார் அவர்.

ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் சி.டி. தொங்கியிருக்கிறது. அட்டையில் ஒரு பக்கம் துண்டும் மீசையுமாக மருமகன், பின்னால் திரையில் வரைந்த பனைமரங்கள். மறுபக்கம் அக்காவின் படம், அதற்குச் சந்தன மாலை, கீழே குத்துவிளக்கு. அது எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம். கடைக்காரர் பாட்டையும் போட்டுக் காட்டியிருக்கிறார். மூன்றாவது சரணத்தில், கூழ் விற்றுப் பிள்ளையை வளர்த்த ஆத்தா கும்பி காய்ந்து செத்துப்போகிறாள். கூடப்பிறந்தவனுக்குச் சொல்லாமலே எடுத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் அவர் ஒரு போன்கூடப் போடவில்லை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டே ஆக வேண்டும். புதுச்சேலை எடுத்துக்கொண்டு, மாலையும் வாங்கிக்கொண்டு, மருமகனை நாலு அறை அறைவது என்ற முடிவோடு பஸ் ஏறியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்தக் கோடியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, தெருவில் போடவும் கூடாது. போகும் வழியில் ஏதாவது ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று அத்தையின் தம்பி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தோசை சாப்பிடும்போதுகூட அக்காவை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஷிப்டு முடிந்து வந்த மகன் மாமனைப் பார்த்ததும் வெளுத்துப் போனார். பிறகு உள்ளதைச் சொன்னார். சி.டி. கடைக்காரருக்குப் பாட்டு ரொம்பப் பிடித்திருந்ததாம். "ஆனா சார், அம்மா உசுரோட இருந்தா சி.டி. ஓடாதுங்க. கடைசில சாவடிச்சிருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாராம். மூன்றாவது சரணத்தில் இருந்த கீரைக்காரியை எடுத்துவிட்டுக் கூழைப் போடச் சொன்னதும் அவர்தான். ஒரு சரணம்தானே என்று இவர் இறங்கிப் போய்விட்டார்.

அத்தைக்குச் செத்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. கூழ்தான் சுட்டது. "நா எப்படா கூழு வித்தேன்? ஊருப்புள்ளைகளுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டவ நானு. முட்டை அவிச்சுத் தோலுரிச்சுக் குடுத்தவ. எம்புள்ளய பட்டினி போட்டேன்னு நாடு பூராம் பாட்டுப் படிச்சிட்டு வந்துருக்கியே!" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "இனி அந்தப் பாட்ட நீ வாயத் தொறந்து பாடுனா, நா தம்பி வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

சொன்னால் செய்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். உயிரோடு இருக்கிற அம்மாவைப் பாட எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அதைப் போய் விற்றுவிட்டாரே மனுஷன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும்தான் எங்களைப் போன்றவர்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பலூன். அத்தை மகனின் லேத்துக்கு முன்னால் நின்று, அதன் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷெட்டுக்கு வெளியே மேடை, பொரி பொட்டலம், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். சி.டி. கடைக்காரரும் வந்திருந்தார். இன்றைக்குக் கூட்டம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சி.டி. என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு லேத்தை விட்டு வெளியே வர அந்த சி.டி.யைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பாவம், மேடையில் அவர் மீசை ஒரு பக்கம் கரைந்திருந்தது.

வேறு பாட்டுகளாகப் பாடி ஓட்டினார். கூட்டம் விடவில்லை. "ஆத்தா பாட்டு! ஆத்தா பாட்டு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"அந்தப் பாட்டு பொய்ங்க. எங்கம்மா இந்தா, முன்னால உக்காந்துருக்காங்க. நான் பாட மாட்டேன்" என்றார்.

கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் கைதட்டியது. அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். சி.டி. கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நம் ஆள் நம் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு ஆள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அத்தையிடம் வந்தார். முப்பது வயதிருக்கும், காண்டிராக்ட் ஆட்கள் போடும் காக்கிச் சட்டை. அத்தையின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் திருவாரூர்ப் பக்கங்க. வெல்டிங்ல இருக்கேன். எங்கம்மா செத்தப்ப மாத்தாளு வரலன்னு என்னை விடல. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. ரூம்ல ஏழெட்டுப் பேரு, அழுவக்கூட எடமில்ல. அண்ணன் பாட்டப் போட்டாத்தான் எனக்கு அழுவ வருது. இன்னிக்கு நேருல கேக்கலாம்னு வந்தேன்."

அத்தை அவரையே பார்த்தார். "ஒங்காத்தா கூழு வித்தாகளா, அப்பு?"

"இல்லிங்க. நடவு வேலதான். ஆனா அதக் கேக்கும்போது வித்த மாதிரிதான் இருக்கு."

பாட்டில் எது அசல், எது விற்கிற சரக்கு என்று அதுவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஓரத்துக்குப் போனார். மகன் குனிந்தார். மைக் அவர் கையிலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"டேய், அதப் பாடு."

"வேணாம்மா. ஒங்கிட்டச் சொல்லிருக்கேன்ல."

"நா செத்துட்டேன்னே வச்சுக்கிட்டுப் பாடு. முழுசாப் பாடணும். இந்தப் புள்ள அழணும்டா."

திரும்பி வந்து, தன் பக்கத்து நாற்காலியில் அந்த ஆளை உட்கார வைத்தார். கீபோர்டுக்காரர் சரியான பட்டனைத் தட்டினார். என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். மூன்றாவது சரணம் வந்ததும் பக்கத்தில் அந்த ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தான் செத்து, தன்னை எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.