அட்டனைவிடக் கிட்டத்தில் ஒரு நாடு

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கிட்டத்தில் இருக்கிற நாடாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்துவிட வேண்டும். நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நான், பத்தாம் வகுப்பு.

ஏஜென்சிக்காரர் கொடுத்த டிக்கெட்டை அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காலை பத்து மணிக்கு ஏற்றம், துபாயில் பன்னிரண்டரைக்கு இறக்கம். ஆக, இரண்டரை மணி நேரம். எங்கள் உடப்புசல்லாவையிலிருந்து அட்டனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகவே பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் ஆகும். கூடப் பிறந்த அக்காவைவிட அரபு நாடு கிட்டத்தில் இருக்கிற செய்தி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவியது. அம்மா சம்மதித்தாள்.

திரும்பி வரும் விமானத்தின் நேரத்தையும் அப்பா கேட்டு எழுதி வந்திருந்தார். அங்கே பத்தரைக்கு ஏறினால் இங்கே மாலை ஐந்து மணிக்கு இறங்கலாம். போக இரண்டரை, வர ஆறரை. எனக்குக் குழம்பியது. அப்பாவுக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை. மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர் அவர்.

"போறப்ப எறக்கம், வாரப்ப ஏத்தம். ஏத்தம்னா இழுக்கத்தானே செய்யும்?"

பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். மனுஷன் பொறுக்க மாட்டாமல் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். அப்போது இங்கத்து மணியைவிட அங்கத்து மணி இரண்டு மணி நேரம் பின்னால், போனாலும் வந்தாலும் நாலரை மணி நேரம்தான் என்று உருண்டையைச் சுற்றிச் சுற்றி விளக்கினார். அப்பா தேத்தண்ணி கொடுத்து, "சரிங்க சேர்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் வாசலைத் தாண்டியதும் அப்பா சொன்னார்: "பாவம், சமதரையில பொறந்தவரு. ஏத்த எறக்கத்தப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?"

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் சொல்வது சரி என்று கேட்டாள். எனக்கு விடை தெரியும். ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் பயந்துபோய், அப்பா சொல்வதுதான் சரி என்றேன். அந்தப் பொய்க்காக என்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

புறப்பட்ட வேனில் பதினெட்டுப் பேர். பயணி ஒருத்தி, மற்றவர்கள் வழியனுப்பவும் விமானம் பார்க்கவும். ரம்பொடை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நாட்டை விட்டே போகப்போகிற அம்மாதான் ஒவ்வொருவர் தலையையும் பிடித்துவிட்டாள். போய் இறங்கியதும் டவுனில் போன் இருக்கிற கடைக்குப் பேசுவதாகச் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குள்ளே போனாள்.

திரும்பும்போது தலை பிடிக்க ஆள் இல்லை. வேன் பத்து இடத்தில் நின்றது. கம்பளையில் சோற்றுக்கு நின்றோம், ரம்பொடையில் டயர் மாற்ற நின்றோம். டவுனுக்கு வந்து சேரும்போது மாலை ஆறரை. கடை முதலாளி எங்களைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார்.

"அண்ணே, ஒங்க வீட்டுல ரெண்டு தரம் பேசிட்டாங்க. நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்களாம். புள்ளைங்க வீட்டுக்கு வந்தாச்சான்னு கேட்டாங்க. இன்னும் காணோம்னு சொன்னேன். அழுதுட்டாங்க."

அப்பா கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாமதான் தூரமா இருக்கோம் புள்ள."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அந்தக் கடை வாசலில்தான் வந்தது.