அம்மாள் எனக்கு மலாயில் பதில் சொன்னாள்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் எனக்கு இருபத்தாறு வயது. ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தது. நான் காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பாதித் தலை வெடிக்கும். வெளிச்சம் பட்டால் வாந்தி. விரல் மூட்டெல்லாம் வீக்கம். மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தடித்திருந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் என் மாமியார், "அம்மா எறங்கியிருக்கா" என்று முடிவு கட்டினார். அம்மை என்றால் மருந்து கூடாதே! தலைமாட்டில் வேப்பிலை, குடிக்க இளநீர், அவ்வளவுதான். தலைவலி மாத்திரை கேட்டால், "அம்மாவக் கோவப்படுத்தாத" என்று என் கணவரும் சேர்ந்து அதட்டினார். இப்படியே மூன்று மாதம்! எந்த அம்மை மூன்று மாதம் நிற்கும்? கேட்க ஒருவருக்கும் புத்தி இல்லை. போதாததற்கு, நான் உச்சி வெயிலில் பால்குடம் எடுப்பதாக மாமியாரே வேண்டிக்கொண்டார். எடுத்தேன். பாதி வழியில் விழுந்தேன். மறுநாள் என் மகளின் முகமே மங்கலாகத் தெரிந்தது. கண் போய்விடும் என்று நடுங்கிப்போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை தட்டுத்தடுமாறி அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை, அம்மாளோடு சண்டை போட்டேன். "என் மேல வந்திருக்கிறது நீதானா? நீன்னா போயிடு. இல்லேன்னா உன் வாயால சொல்லு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் ஒரு செட்டி வீட்டுப் பெண்மணி நின்றிருந்தார். பெரியாஸ்பத்திரியில் ஆயா. பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன செட்டிகள் அவர்கள்; நம் சாமியைத்தான் கும்பிடுவார், தமிழ் வராது, மலாய்தான் பேசுவார். என் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். "இனி புக்கான் அம்மா. பெர்கி ஹொஸ்பிட்டல்" என்றார். இது அம்மா இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயில் வாசலிலேயே திரிஷா என்கிற மூன்று சக்கர வண்டி பிடித்து அவரே கூட்டிப்போனார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, லூப்பஸ் என்றார். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோயாம். இந்தத் தலைவலியும் அதோடு வந்ததுதானாம். வெயில் ஆகவே ஆகாதாம். அப்படிப்பட்டவளைத்தான் வெயிலில் நடத்தினார்கள்!

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் மகளின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். நோய் முழுக்கப் போகவில்லை. தலைவலியும் எப்போதாவது வரும். ஆனால் சமைக்கிறேன், கோயிலுக்குக் குடை பிடித்துப் போகிறேன். அம்மாளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. மாமியாரை மன்னித்துவிட்டேனா? இல்லை. சாட்சி சொல்ல வந்து பொய் சொல்ல மாட்டேன்.

சகோதரிகளே, அம்மாளை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவள் பதில் சொல்வாள். அவள் பேரைச் சொல்லி நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.